லண்டன் பெருநகர மன்றத்தைக் காக்க எழுந்த சுவரொட்டிகள் (1984–86): அவை சாதித்தது என்ன?

வரைகோடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காட்சித் தொடர்பியல் பயிலும் மாணவர்களுக்குச் சுவரொட்டி வடிவமைப்பைக் கற்பித்து வருகிறேன். அரசியல் சுவரொட்டி என்றதும் போர், புரட்சி, தேர்தல் ஆகிய மூன்றைப் பற்றியவைதாம் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உள்ளாட்சி மன்றம், தன்னைக் கலைக்க முனைந்த நாட்டின் அரசுக்கு எதிராக, நகரமெங்கும் விளம்பரப் பலகைகளை வாடகைக்கு எடுத்து மக்களிடம் நேரடியாக வழக்காடியது என்று சொன்னால் அவர்கள் வியப்படைகிறார்கள். அதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேட்டர் லண்டன் கவுன்சில், அதாவது ஜி.எல்.சி., 1965 ஏப்ரல் 1 அன்று முழுப் பொறுப்பேற்றது. அதற்குக் கீழே 32 பரோ மன்றங்கள், அதாவது நகரின் பகுதிகளுக்கான உள்ளாட்சி மன்றங்கள், இருந்தன. 1981 மே மாதத் தேர்தலில் மொத்தம் 92 இடங்களில் 50 இடங்களைத் தொழிற்கட்சி வென்றது. மறுநாளே அக்கட்சியின் உறுப்பினர்கள் கூடித் தங்கள் தலைவரை மாற்றிக் கென் லிவிங்ஸ்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். மார்கரெட் தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சி 1983ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் அறிக்கையில் இந்த மன்றத்தையும், மான்செஸ்டர், மெர்ஸிசைடு, தென் யார்க்ஷயர் உள்ளிட்ட ஆறு பெருநகரக் கவுண்டி மன்றங்களையும் கலைப்பதாக அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் வெள்ளை அறிக்கை வெளிவந்தது. 1985 ஜூலையில் சட்டம் நிறைவேறியது. 1986 மார்ச் 31 நள்ளிரவோடு ஏழு மன்றங்களும் மறைந்தன.

இந்த இடைவெளியில்தான் சுவரொட்டிகள் வந்தன. மன்றம் அமர்த்திய விளம்பர நிறுவனம் பி.எம்.பி.; அதற்கு முன் உடனடி உருளைக்கிழங்கு மாவுக்காகச் செவ்வாய்க் கிரகத்து இயந்திர மனிதர்களைச் சிரிக்கவைத்துப் புகழ்பெற்ற நிறுவனம் அது. இருபது அடி நீளமும் பத்து அடி உயரமும் கொண்ட பெரிய பலகைகளில் அவர்கள் ஒட்டியவை மக்கள் கருத்தைத் தெளிவாகத் திருப்பின என்பதில் ஐயமில்லை. கருத்துக்கணிப்புகளில் லண்டன் மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கலைப்பை எதிர்த்தார்கள். ஆனாலும் மன்றம் கலைக்கப்பட்டது. எனவே இதை வெற்றி பெற்ற பிரசாரம் என்று மாணவர்களுக்குச் சொல்வதா, தோல்வி என்று சொல்வதா? என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மன்றத்தை நிலைநிறுத்த இயலாவிட்டாலும், விவாதத்தின் கேள்வியையே மாற்றியதில் அவை வென்றன. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.


லாம்பெத்வாசி எழுதியது:

நல்ல இழை, ஐயா. நான் 1978 முதல் தென் லண்டனில் வசிப்பவன். அந்தப் பலகைகளைப் பேருந்தின் மேல்தளத்திலிருந்து நாள்தோறும் பார்த்தவன். ஆனால் பிரசாரம் 1984இல் தொடங்கியது என்று கொண்டால் ஒரு முக்கியமான பகுதி விடுபட்டுவிடும். அதற்கு இரண்டாண்டுகள் முன்பே மன்றத்தின் கட்டடமே ஒரு சுவரொட்டியாகிவிட்டிருந்தது.

மன்றம் இயங்கிய கவுண்டி ஹால், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை ஒட்டித் தேம்ஸ் ஆற்றின் கரையில், நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே நிற்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆற்றை நோக்கிய மாடத்தில் தேநீர் அருந்த வந்தால் அந்தக் கட்டடத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. 1982இன் தொடக்கத்தில் அதன் முகப்பின் உச்சியில் லண்டனில் வேலையற்றோரின் எண்ணிக்கையை மிகப் பெரிய எழுத்துகளில் பதாகையாக ஏற்றினார்கள். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட எண் அது. புதிய கணக்கு வரும்போதெல்லாம் இலக்கங்களை மாற்றினார்கள். கோரிக்கையும் இல்லை, வசையும் இல்லை. அரசே வெளியிடும் எண்ணை அரசின் கண்முன்னே எழுதிவைத்தார்கள். எனக்கு இன்றும் அதுதான் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த சுவரொட்டி.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1978இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்காகச் சாச்சி நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற பலகையில், வேலையில்லாதோர் அலுவலகத்தின் முன் நீண்ட வரிசை வளைந்து வளைந்து நிற்கும்; தொழிற்கட்சி அரசு வேலை செய்யவில்லை, தொழிலாளருக்கு வேலையும் இல்லை என்ற இரட்டைப் பொருள் கொண்ட வாசகம் மேலே இருக்கும். வேலையின்மையைச் சுவரில் ஒட்டி ஆட்சியைப் பிடித்த கட்சிக்கு அதே வேலையின்மையைக் கட்டடத்தின் மீதேற்றிக் காட்டினார்கள் என்பதை அன்று பார்த்தவர்கள் அனைவரும் உணர்ந்தார்கள். கலைப்பு முடிவில் அந்தப் பதாகைக்கும் பங்குண்டு என்று நான் கருதுகிறேன்.

இன்னொன்று, பேருந்துக் கட்டணம். 1981 அக்டோபரில் மன்றம் பேருந்து, சுரங்க ரயில் கட்டணங்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அந்தச் செலவை வீட்டு வரியின் மீது ஏற்றியது. சுரங்க ரயில் நிலையம் ஒன்றுகூட இல்லாத பிராம்லி பரோ வழக்குத் தொடுத்தது. டிசம்பரில் பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் அத்திட்டம் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தார்கள். 1982 மார்ச்சில் கட்டணம் இரட்டிப்பானபோது, யார் குறைத்தார்கள், யார் ஏற்றினார்கள் என்பதைப் பயணச்சீட்டு வாங்கிய ஒவ்வொருவரும் அறிந்திருந்தோம். பின்னால் வந்த சுவரொட்டிகள் எங்களிடம் எளிதாகப் பேச முடிந்ததற்கு அந்தப் பட்டறிவே நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தது.


நூற்கண்டு எழுதியது:

பிரசாரத்தின் தலைமை வாசகத்தை யாரும் இன்னும் குறிப்பிடவில்லை. 'சே நோ டு நோ சே' என்பது அது. 'சே' (சொல்), 'நோ' (இல்லை) என்ற இரண்டே சொற்கள், முதலில் ஒரு வரிசையில் நின்று, பிறகு இடம் மாறி நிற்கின்றன. முன்பாதியில் 'சே' என்பது வினை, பின்பாதியில் அதே சொல் பெயர். 'பேசும் உரிமை இல்லை என்ற நிலைக்கு இல்லை என்று சொல்லுங்கள்' என்று தமிழில் விரித்தால் பொருள் வந்துவிடும், ஓசை போய்விடும்.

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இதோடு சில நாள்கள் மல்லுக்கட்டியிருக்கிறேன். 'வாயடைப்பை வாயால் மறுப்போம்' என்று முதலில் எழுதினேன். சற்றே வறட்டுத்தனமாக இருந்தது. பிறகு நம்மிடமே வாய்ப்பூட்டுச் சட்டம் என்ற தொடர் வழக்கில் இருப்பது நினைவுக்கு வந்தது. 'வாய்ப்பூட்டுக்கு வாய் திறந்து மறுப்புச் சொல்' என்றால் பூட்டும் திறப்பும் எதிரெதிராக நின்று மூலத்தின் திருப்பத்துக்கு ஓரளவு ஈடாகின்றன. ஆயினும் மூலத்தில் இருக்கும் எளிமை இதில் இல்லை. ஐந்து வயதுக் குழந்தையும் அறிந்த சொற்களால் அரசமைப்புச் சிக்கல் ஒன்றைக் கட்டியிருந்தார்கள் என்பதே அந்த வாசகத்தின் சிறப்பு.

இன்னொரு பலகையில் வைட்ஹால் அதிகாரிகள், அதாவது நாட்டின் அரசு அலுவலக அதிகாரிகள், லண்டனை நடத்தினால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள் என்ற கருத்தில் வாசகம் இருக்கும். பலகையைச் சிவப்பு நாடா சுற்றியிருக்கும். அதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. பிரிட்டிஷ் அலுவலகங்களில் கோப்புகளைக் கட்டிய நாடா கடல்கடந்து நம் அலுவலகங்களுக்கும் வந்தது. சிவப்பு நாடா முறை என்ற தொடர் தமிழ் நாளேடுகளில் இன்றும் வருகிறது.


சட்டக்குறிப்பு எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய அனுமதி வேண்டுகிறேன். சுவரொட்டிகளின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கான பல மில்லியன் பவுண்டுகள் யாருடைய பணம்? வீட்டு வரியும் வணிக வரியும் செலுத்திய லண்டன்வாசிகளின் பணம். அவர்களில் கணிசமானோர் 1983இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்களித்தவர்கள்; அந்தக் கட்சி கலைப்பைத் தேர்தல் அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லித்தான் வென்றது. தாம் ஆதரித்த கொள்கையை எதிர்க்கும் பலகைகளுக்குத் தாமே பணம் செலுத்த வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. கட்சி தன் நிதியில் ஒட்டுவதும், மன்றம் மக்கள் வரிப்பணத்தில் ஒட்டுவதும் ஒன்றல்ல. நமக்கு உவப்பான வாதத்துக்காக இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுத்தால், நாளை உவப்பில்லாத மன்றம் ஒன்று அதே வழியில் நடக்கும்போது எதிர்க்க நமக்கு நிலைப்பாடே இருக்காது.

இரண்டாவதாக, மன்றம் கலைக்கப்பட்டதால் லண்டன் மக்களின் வாக்குரிமை முழுவதும் போய்விட்டது என்பது சரியன்று. 32 பரோக்களுக்கும் தேர்தல் தொடர்ந்து நடந்தது. ஒரே நகரத்தில் இரண்டடுக்கு நிருவாகம் தேவையில்லை என்பது ஆட்சியியலில் மதிப்புள்ள வாதமே.


வரைகோடு எழுதியது:

சட்டக்குறிப்பு அவர்களின் இரண்டாவது கருத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். இரண்டடுக்கு தேவையா என்பது நேர்மையான கேள்வி. ஆனால் 1984இல் அரசு கொண்டுவந்த முதல் மசோதா அந்தக் கேள்வியை எழுப்பவே இல்லை. 1985 மே மாதம் நடக்க வேண்டிய மன்றத் தேர்தலை ரத்துசெய்து, கலைக்கும் சட்டம் இன்னும் நிறைவேறாத நிலையிலேயே, இடைக்காலத்தில் பரோக்கள் நியமிக்கும் உறுப்பினர்களிடம் மன்றத்தை ஒப்படைப்பதுதான் அதன் நோக்கம். அன்று பரோக்களில் இருந்த பலத்தின்படி, தொழிற்கட்சியிடம் இருந்த பெருநகர மன்றம் ஒரு வாக்குக்கூடப் பதிவாகாமல் கன்சர்வேட்டிவ் கட்சியிடம் சென்றிருக்கும். அக்கட்சியின் முன்னாள் பிரதமர் எட்வர்ட் ஹீத்தே மக்கள் அவையில் எழுந்து இதைக் கடுமையாகக் கண்டித்தார். 1984 ஜூன் 28 அன்று, கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் மிகுந்த பிரபுக்கள் அவையிலேயே அரசு 48 வாக்கு வேறுபாட்டில் தோற்றது. அதன்பின் நியமன மன்றத் திட்டம் கைவிடப்பட்டு, தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த உறுப்பினர்களின் காலமே 1986 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. சுவரொட்டிகள் எதையும் நிறுத்தவில்லை என்று சொல்வோர் இந்த ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகைகளைக் கண்டு பிரபுக்கள் வாக்களித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தேர்தலை ரத்துசெய்வது பற்றி ஊரெங்கும் பேச்சாக இருந்த சூழலில் வாக்களித்தார்கள் என்று சொல்கிறேன்.

இப்போது வடிவமைப்புக்கு வருகிறேன். எனக்கு மிக முக்கியமாகப் படுவது லிவிங்ஸ்டனின் முகம் இடம்பெற்ற பலகை. 1981இல் ஒரு நாளேடு அவரைப் பிரிட்டனிலேயே மிக வெறுக்கத்தக்க மனிதர் என்று வர்ணித்திருந்தது. இவ்வளவு எதிர்ப்பைச் சம்பாதித்த தலைவரை, சாதாரணமாக எந்த விளம்பரக்காரரும் பலகையில் காட்ட அஞ்சுவார். இவர்கள் அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டு, 'நான் வெளியேற வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், வாக்களித்து என்னை வெளியேற்றும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும்' என்ற கருத்தில் வாசகத்தை எழுதினார்கள். அவரை விரும்புங்கள் என்று அந்தப் பலகை கேட்கவில்லை. வெறுப்பவரையே விளித்து, உங்கள் வெறுப்பைச் செலுத்த உங்களுக்கு இருந்த கருவி பறிபோகிறது என்றது. மன்றத்தின் சாதனைகளைப் பட்டியலிட்டிருந்தால் ஆதரவாளர்கள் மட்டும் தலையாட்டியிருப்பார்கள். இது எதிர்ப்பாளரையும் நிறுத்தி யோசிக்க வைத்தது. லிவிங்ஸ்டன் நல்லவரா என்ற கேள்வி, யார் முடிவு செய்வது என்ற கேள்வியாக மாறிய இடம் இதுதான். முதல் பதிவில் கேள்வியை மாற்றினார்கள் என்று நான் எழுதியது இதைத்தான்.

வரிப்பணம் பற்றிய முதல் கருத்துக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. தன் பணிகளை மக்களுக்குத் தெரிவிப்பது மன்றத்தின் கடமை. அது கலைக்கப்பட இருக்கிறது என்பதும் மக்களுக்குத் தெரிய வேண்டிய செய்திதான். அந்த எல்லை எங்கே முடிகிறது என்பதைச் சட்டம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்று.


கரவெட்டியான் எழுதியது:

இந்த இழையை இரண்டு நாள்களாக வாசித்து வருகிறேன். நான் வடிவமைப்பும் சட்டமும் படித்தவன் அல்லன். ஆனால் பரோவுக்கு வாக்கு இருந்ததுதானே என்ற கேள்விக்கு என் வாழ்விலிருந்து ஒரு பதில் உண்டு.

நான் 1983 டிசம்பரில் லண்டனுக்கு வந்து சேர்ந்தேன். ஏன் வந்தேன் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரில் நான் கடைசியாக வாக்களித்தது 1981 ஜூன் 4, யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில். நூலகம் எரிந்து சில நாள்களே ஆகியிருந்தன. உள்ளூராட்சி என்ற சொல்லை அதன்பிறகு நம்பிக்கையோடு நான் உச்சரித்ததில்லை.

டூட்டிங்கில் அண்ணன் முறையான ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். 1984ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் பரோவிலிருந்து வாக்காளர் பதிவுப் படிவம் வந்தது. அதில் என் பெயரையும் எழுத வேண்டும் என்று அண்ணன் சொன்னபோது நான் நம்பவில்லை. பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் இங்கு வசித்தால் இந்த நாட்டுத் தேர்தல்களில் வாக்களிக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. குடியுரிமை இல்லாதவனுக்கு, வந்து ஓராண்டுகூட ஆகாதவனுக்கு, இந்த நகரத்தில் ஒரு வாக்கு. எந்தத் தேர்தல் முதலில் வரும் என்று கேட்டேன். 1985 மே மாதம் பெருநகர மன்றத் தேர்தல் வரவேண்டும், அதைத்தான் நிறுத்திவிட்டார்கள் என்றார்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், மாதக்கணக்காக அந்த இடத்தில் இருந்த பலகையை முதன்முறையாக முழுமையாக வாசித்தேன். 'சே நோ டு நோ சே.' அதுவரை அது யாருக்கோ எழுதப்பட்டது என்று கடந்துபோனவன், அன்று அது எனக்கு எழுதப்பட்டது என்று உணர்ந்து நின்றுவிட்டேன். நூற்கண்டு அவர்கள் சொன்னது சரி. என் அரைகுறை ஆங்கிலத்துக்கும் அது விளங்கியது.

நான் இந்த நாட்டில் முதலில் வாக்களித்தது 1986 மே 8 அன்று, பரோத் தேர்தலில்; மன்றம் மறைந்து ஐந்து கிழமைகள் கழிந்திருந்தன. அந்த வாக்கை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் குப்பை அள்ளுவதும் நூலகம் நடத்துவதும் பரோவின் கையில் இருந்தன. நான் ஏறிய பேருந்தையும் சுரங்க ரயிலையும் நடத்தியவர்களை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அவை 1984 ஜூனிலேயே மன்றத்திடமிருந்து எடுக்கப்பட்டு அமைச்சரின் கீழ் போய்விட்டன.


மங்கை_ஈலிங் எழுதியது:

கரவெட்டியான் அண்ணா, உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நன்றி.

நான் இன்னொரு வகைச் சுவரொட்டியைச் சேர்க்க விரும்புகிறேன். பி.எம்.பி.யின் பலகைகள் மேலிருந்து வந்தவை. ஒரு மன்றம் தொழில்முறை நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துச் செய்வித்தவை. அதே ஆண்டுகளில் கிழக்கு லண்டனின் பழைய துறைமுகப் பகுதியில் கீழிருந்து ஒரு சுவரொட்டி இயக்கம் வளர்ந்தது. அங்கே உள்ளாட்சியின் அதிகாரம் முன்னதாகவே, 1981இல், பறிக்கப்பட்டிருந்தது. லண்டன் டாக்லாண்ட்ஸ் மேம்பாட்டுக் கழகம் என்ற அமைப்பை அரசு நிறுவி, டவர் ஹாம்லெட்ஸ், நியூஹாம், சதர்க் ஆகிய பரோக்களின் கைவசமிருந்த திட்ட அனுமதி அதிகாரத்தை அந்தப் பகுதிக்கு மட்டும் அதனிடம் கொடுத்தது. கழகத்தின் உறுப்பினர்களை நியமித்தவர் அமைச்சர். கப்பல்துறைகள் மூடப்பட்டு வேலை இழந்த குடும்பங்கள், தங்கள் தெருவில் என்ன எழும்ப வேண்டும் என்பதைக் கேட்க ஆளில்லாமல் நின்றன.

லொரைன் லீசன், பீட்டர் டன் என்ற கலைஞர்கள் இருவர் குடியிருப்போர் சங்கங்களோடும் தொழிற்சங்கத்தினரோடும் சேர்ந்து டாக்லாண்ட்ஸ் சமூகச் சுவரொட்டித் திட்டத்தைத் தொடங்கினார்கள். பதினெட்டு அடிக்குப் பன்னிரண்டு அடி அளவில் பலகைகளைத் தாங்களே தெருக்களில் நிறுவினார்கள். சிகரெட்டோ மதுவோ விற்கும் பலகைகளுக்கு நடுவே வாடகைக்கு இடம் பிடிக்காமல், தமக்கென்றே பலகைகள் கட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். படங்கள் புகைப்படங்களை வெட்டி ஒட்டி உருவாக்கப்பட்டவை. ஒரு படம் மொத்தமாக மாற்றப்படாமல் பகுதி பகுதியாக மாற்றப்பட்டு, வாரங்கள் செல்லச் செல்ல ஒரு கதையாக நகரும். முதல் படம் பெரும்பணம் உள்ளே வருகிறது என்று சொல்லும். உள்ளூர் மக்களை அது வெளியே தள்ள விடாதீர்கள் என்ற செய்தி தொடர்ந்து வரும். அதே தெருவில் தினமும் நடப்பவர்தான் அந்தக் கதையை முழுவதும் வாசிக்க முடியும். காரில் விரைந்து கடப்பவருக்காக எழுதப்படும் விளம்பரத்துக்கு இது நேர்மாறானது.

1984இல் அந்தப் பகுதி மக்கள் படகுகளில் பதாகைகளைக் கட்டிக்கொண்டு தேம்ஸ் ஆற்றின் வழியே நாடாளுமன்றத்தை நோக்கிச் சென்றார்கள். அடுத்த ஆண்டுகளிலும் சென்றார்கள். அந்தச் சுவரொட்டித் திட்டத்துக்கு நிதியுதவி செய்தவற்றுள் ஜி.எல்.சி.யும் ஒன்று. மன்றம் கலைந்தபோது அந்த ஆதரவும் அதனோடு போயிற்று. மன்றத்தைக் காக்கும் சுவரொட்டிகளைப் பற்றிப் பேசும்போது, மன்றம் காத்த சுவரொட்டிகளையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.


சட்டக்குறிப்பு எழுதியது:

வரைகோடு அவர்கள் எல்லை எங்கே என்று கேட்டிருந்தார். நீதிமன்றம் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது.

1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 142ஆம் பிரிவு, உள்ளாட்சி தொடர்பான தகவல்களை மக்களுக்கு வெளியிடும் அதிகாரத்தை மன்றங்களுக்கு வழங்கியது. அச்சட்டத்தின் 137ஆம் பிரிவு, தன் பகுதியின் நலனுக்காக, மதிப்பீட்டில் ஒரு பவுண்டுக்கு இரண்டு பென்ஸ் வரையிலான வரிக்கு ஈடான தொகையைப் பிற செலவுகளுக்குப் பயன்படுத்த இடம் கொடுத்தது. இந்த இரண்டையும் ஊன்றுகோலாகக் கொண்டே அக்காலப் பிரசாரங்கள் நடந்தன. லண்டன் உட்பகுதிக் கல்வி ஆணையம், அரசின் செலவுக் கட்டுப்பாட்டை எதிர்த்து விளம்பர நிறுவனம் ஒன்றின் வழியாகச் சுவரொட்டிகளை வெளியிட முடிவு செய்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் வழக்குத் தொடுத்தது. நீதிபதி கிளைட்வெல் வழங்கிய தீர்ப்பின் சாரம் இது: தகவல் அளிப்பதற்கு அதிகாரம் உண்டு, மக்களைத் தன் கருத்துக்கு இணங்கச் செய்ய முயல்வதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை, இரு நோக்கங்களும் கலந்திருந்து, இணங்கச் செய்யும் நோக்கம் முடிவைக் கணிசமாகப் பாதித்திருந்தால் அந்த முடிவே செல்லாது.

பின்னர் 1986ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், அரசியல் கட்சி ஒன்றுக்கான மக்கள் ஆதரவைப் பாதிக்கும் நோக்கத்தில் அமைந்த எதையும் மன்றங்கள் வெளியிடக் கூடாது என்று தடை விதித்தது. 1988இல் அந்தத் தடை மேலும் இறுக்கப்பட்டது. ஆகவே ஜி.எல்.சி.யின் சுவரொட்டிகள் தம்மைப் போன்ற சுவரொட்டிகள் மீண்டும் தோன்றாதபடி சட்டம் பிறக்கவும் காரணமாயின. வரைகோடு அவர்கள் தம் மாணவர்களுக்கு வெற்றியைச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும்.

என் நிலைப்பாட்டில் ஒரு திருத்தம் செய்கிறேன். தடையைக் கொண்டுவந்த அதே நாடாளுமன்றம், தேர்தலை ரத்துசெய்யும் மசோதாவையும் பரிசீலித்தது. மன்றத்தின் வாயைக் கட்டுவது சரி என்றால், அதன் வாக்காளர்களுக்காக வேறு யார் அந்த அளவு வலிமையோடு பேசியிருக்க முடியும் என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. கரவெட்டியான் ஐயாவின் பதிவைப் படித்தபின் அந்தக் கேள்வி எனக்குக் கடினமாகிவிட்டது.


லாம்பெத்வாசி எழுதியது:

லண்டனைப் பற்றியே பேசுகிறோம். மற்ற ஆறு மன்றங்களும் அதே நள்ளிரவில் மறைந்தன என்பது மறக்கப்படுகிறது. தென் யார்க்ஷயர் மன்றம் 1970களின் நடுப்பகுதியிலிருந்து பேருந்துக் கட்டணத்தை ஏற்றாமலே வைத்திருந்தது. 1986 ஏப்ரலில் ஷெஃபீல்டு மக்கள் பேருந்தில் ஏறியபோது கட்டணம் பல மடங்காகியிருந்தது. அந்த ஊர் மன்றத்திடம் லண்டனைப் போல் நகரமெங்கும் பலகை பிடிக்கும் பண வசதி இல்லை. நாட்டின் செய்தித்தாள்கள் இயங்கும் நகரத்தில் ஒட்டப்படும் சுவரொட்டிக்குக் கிடைக்கும் கவனமும் அதற்குக் கிடைக்கவில்லை. அவர்களின் இழப்பு எங்களுடையதைவிடச் சிறியதன்று.

இன்னொரு சிறு குறிப்பு. 1984 செப்டம்பரில் லிவிங்ஸ்டனும் மேலும் மூவரும் பதவி விலகி, கலைப்பை முன்வைத்து இடைத்தேர்தலில் நின்றார்கள். கன்சர்வேட்டிவ் கட்சி போட்டியிட மறுத்தது, நால்வரும் வென்றார்கள். எதிர்த்தரப்பு களத்துக்கே வராததால் பலகைகளின் வலிமையை வாக்குப்பெட்டியில் அளந்து பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பும் போயிற்று.


வரைகோடு எழுதியது:

இந்த இழையைத் தொடங்கியபோது என்னிடம் இருந்த பாடத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பி.எம்.பி.யின் பலகைகளுக்கு அருகிலேயே டாக்லாண்ட்ஸ் பலகைகளையும் வைத்து, முன்னது ஒரே பார்வையில் முடிவதையும் பின்னது நாள்கணக்கில் வளர்வதையும் மாணவர்களை ஒப்பிடச் சொல்லப்போகிறேன். கிளைட்வெல் தீர்ப்பின் சாரத்தைக் கொடுத்து, ஒவ்வொரு சுவரொட்டியிலும் தகவல் எது, இணங்கவைக்கும் முயற்சி எது என்று பிரித்துக் காட்டச் சொல்வேன். கவுண்டி ஹாலின் உச்சியில் இருந்த எண் அவர்களைத் திணறடிக்கும் என்று நினைக்கிறேன். அது முழுக்கத் தகவல், முழுக்க வாதமும்கூட.

என் முதல் பதிவின் கூற்றில் ஒரு திருத்தம். கேள்வியை மாற்றியதில் வென்றன என்று எழுதினேன். அந்தக் கேள்வி எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். 1998 மே 7 அன்று, லண்டனுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும் சபையும் வேண்டுமா என்று மக்களிடமே கேட்கப்பட்டது. வாக்களித்தவர்களில் 72 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். ஆனால் பதிவு செய்யப்பட்ட வாக்காளர்களில் வாக்களிக்க வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. 2000 மே மாதத்தில் அதே லிவிங்ஸ்டன், கட்சி சார்பற்றவராக நின்று முதல் மேயரானார். இடையில் பதினான்கு ஆண்டுகள். பழைய மன்றத்தின் அதிகாரங்கள் முழுவதும் திரும்பவில்லை. கவுண்டி ஹால் தனியாருக்கு விற்கப்பட்டுவிட்டது.

கரவெட்டியான் ஐயா, உங்களிடம் அக்காலத்துப் பொருள் ஏதேனும் இருக்கிறதா?


கரவெட்டியான் எழுதியது:

ஒன்று இருக்கிறது, தம்பி. 1985இல் தெருவோரம் மேசை போட்டிருந்த ஒருவர் கொடுத்த வட்டமான ஒட்டுத்தாள். அந்த வாசகம்தான் அதில் உள்ளது. ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியின் மூடியில் ஒட்டினேன். நாலைந்து வீடுகள் மாறியும் பெட்டி கூடவே வந்தது. ஓரங்கள் கிழிந்து, சிவப்பு வெளிறிப்போய்விட்டது, எழுத்துகளை வாசிக்கலாம்.

1998இல் வாக்களிக்கப் போனேன். மழை நாள், பள்ளிக்கூட மண்டபத்தில் என்னைத் தவிர இன்னும் இருவர்தான் இருந்தார்கள். சிறிய தாளில் ஒரேயொரு கேள்வி. ஆம் என்பதற்கு எதிரே புள்ளடியிட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். 2000இலும் போனேன். என் மூத்த மகளுக்கு அதுவே முதல் தேர்தல். இருவரும் ஒன்றாகவே போனோம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வருவாள். பகல் வெளிச்சத்தில் பெட்டியின் மூடியைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்கிறேன். அதற்குக் கீழே பருத்தித்துறைக் கப்பல் முகவர் ஒருவரின் பழைய சீட்டும் ஒட்டியிருக்கிறது; அதையும் சேர்த்தே எடுக்கச் சொல்கிறேன்.